பத்தவைக்காத கண்ணி

“அக்கா, மெஷ் வரல.”

எங்கள் ஆபீசில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இது காதில் விழும். சேலத்தில் ஐந்து ரோட்டுப் பக்கம், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து கட்டடங்களுக்குக் கம்பி கணக்கு போடும் இடம். ஜன்னலைத் திறந்தால் ஈரடுக்கு மேம்பாலம் தெரியும், கூடவே புழுதியும் வரும், அதனால் திறப்பதில்லை. மெஷ் வரவில்லை என்று சொல்வது பெரும்பாலும் தம்பிதான். சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி நிற்கும், அவன் முகம் தொங்கிப் போயிருக்கும். எனக்கோ உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அப்பாடா, சாஃப்ட்வேர் வாயைத் திறந்து சொல்லிவிட்டது என்று. இதை அவனிடம் சொன்னால் கிண்டல் செய்கிறேன் என்று நினைப்பான். அந்த நிம்மதிக்குக் காரணம் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு பத்தி. ஒரு கான்கிரீட் சுவர் எங்கே எவ்வளவு வளையும் என்பதை முழுச் சுவருக்கும் ஒரே மூச்சில் கணக்குப் போட முடியாது. அதனால் சுவரைச் சின்னச் சின்னச் சதுரமாக, சதுரம் உட்காராத இடத்தில் முக்கோணமாக, வெட்டிக்கொள்கிறோம். அந்தத் துண்டுகளின் வலைதான் மெஷ். துண்டின் மூலைகளை ஆபீசில் நோடு என்போம். கரும்பில் இருப்பது மாதிரிதான், இங்கே கணு என்றே எழுதுகிறேன். கணினிக்குச் சுவர் என்று ஒன்று தெரியாது. கணுக்கள்தான் தெரியும். ஒரு துண்டிலிருந்து பக்கத்துத் துண்டுக்கு விசை போய்ச் சேர வேண்டுமானால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு கணு இருக்க வேண்டும். இந்த முறைக்கு ஃபைனைட் எலிமென்ட் என்று 1960இல் பெயர் வைத்தவர் ரே கிளஃப். முக்கோணம் வெட்டுவதற்குப் பல மென்பொருள்கள் இன்றும் கையாளும் விதி அதைவிடப் பழசு: எந்த முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் தொட்டு வட்டம் போட்டாலும் அதற்குள் வேறு புள்ளி விழக்கூடாது. சோவியத் கணிதவியலாளர் போரிஸ் டெலோனே அதை எழுதியது 1934இல். நம் மேட்டூர் அணை திறந்ததும் அதே 1934இல்தான், ஒரு முக்கோணம்கூட வெட்டாமல். தம்பியை மட்டம் தட்ட வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் எங்கள் சார் இதை எடுத்துவிடுவார்.

போன வருடம் ஏற்காட்டில் ஒரு வேலை வந்தது. இருபது கொண்டை ஊசியும் ஏறி முடித்து, ஊருக்குள் போகாமல் பிரிந்து போகும் பாதையில் ஒரு காபித் தோட்டம், அதை ஒட்டி ஒரு தங்கும் விடுதி. பின்பக்கம் மலையை நெட்டுக்கு வெட்டிவிட்டார்கள். வெட்டின இடத்தில் சில்வர் ஓக் மரத்தின் வேர் அந்தரத்தில் தொங்கியது. மழைக்கு முன்னால் மண்ணைப் பிடிக்க ஒரு ரீடெய்னிங் வால் வேண்டும், 30 மீட்டர் நீளம், சரிவோடு வளைந்து போகும், உயரம் ஓர் ஓரத்தில் 5 மீட்டரில் ஆரம்பித்து மறு ஓரத்தில் தரையோடு தரையாகக் கரைந்துவிடும். சுவரைத் தம்பியிடம் கொடுத்தேன்.

மூன்று நாள் மெஷ் வரவில்லை.

முதல் கோளாறை நான்தான் கண்டுபிடித்தேன், அதுவும் தற்செயலாக. சுவரின் ஒரு மூலையில் கர்சரை வைத்தபோது கீழே ஓடிய எண்ணைப் பார்த்தேன், பதின்மூன்று லட்சத்துச் சொச்சம். சர்வேயர் வரைபடத்தை உலக ஆயத்தொலைவிலேயே கொடுத்திருந்தார். பூமத்திய ரேகையிலிருந்து ஏற்காடு வடக்கே ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர், ஆகவே ஒவ்வொரு புள்ளியும் 13 லட்சம் மீட்டர் தள்ளி நிற்கிறது. சுவரின் தடிமனோ 0.3 மீட்டர். கோப்பு கைமாறும் வழியில் எங்காவது எண்ணை ஒற்றைத் துல்லியத்தில், அதாவது ஏறக்குறைய ஏழு இலக்கம் மட்டும் தாங்கும் வடிவத்தில், பிடித்தால், அவ்வளவு பெரிய எண்ணில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே 12.5 சென்டிமீட்டர் இடைவெளி. இடையில் இருக்கும் புள்ளி இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் தள்ளப்படும். வளைந்த சுவர் பல்லுப் பல்லாக ஆனதற்குக் காரணம் அதுதான். படத்தை மொத்தமாக நகர்த்தி ஒரு மூலையைப் பூஜ்யத்தில் வைத்தோம். ஏற்காட்டைப் பூமத்திய ரேகைக்கு இறக்கிவிட்டோம் என்று தம்பி வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்தான்.

அப்புறம் வழக்கமான சமாச்சாரங்கள். ஒரே கோட்டின் மேல் இன்னொரு கோடு. அதற்கு ஆட்டோகேடில் ஓவர்கில் என்று ஒரு கமாண்ட் இருக்கிறது, பத்து விநாடி வேலை. வளைவும் நேர்கோடும் சேரும் இடத்தில் 3 மிமீ இடைவெளி, திரையில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. பரப்பு மூடியிருக்கிறதா என்று அறிய என் வழி ஹாட்ச் போட்டுப் பார்ப்பது. உள்ளே வண்ணம் நிற்காமல் ஒழுகினால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். குடத்தில் ஓட்டை பார்க்கத் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

அதற்குப் பிறகு மெஷ் வந்தது. வந்ததைப் பார்த்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் துண்டுகள். பெரிதாக்கிப் பார்த்தால், சுவர் முழுக்க நாற்பது இடத்தில் எறும்புப் புற்று மாதிரி முக்கோணங்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. தம்பி நீர் வடிய விடும் வீப் ஹோல்களை எல்லாம், 75 மிமீ குழாய்கள் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று இரண்டு வரிசை, ஒன்று விடாமல் ஓட்டையாக வரைந்திருந்தான்.

“ஏன்டா தம்பி, இதெல்லாம் எதுக்கு?”

“டிராயிங்ல இருக்குதுங்கக்கா.”

இருக்கிறதுதான். சைட்டில் அவசியம் வேண்டியதும்தான். தண்ணீர் வடியாவிட்டால் மண் அழுத்தத்தோடு தண்ணீர் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும், மலையில் சரிகிற சுவர்களில் பாதிக்கு அதுதான் கதை என்பது என் அனுபவம். ஆனால் 5 மீட்டர் சுவர் எப்படி வளைகிறது என்ற கேள்விக்கு மூன்று அங்குலக் குழாயும் தேவையில்லை, கைப்பிடிக்கு விட்ட துளையும் தேவையில்லை. எதை வரையாமல் விடுவது என்பதைக் காலேஜில் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் சொல்லித் தரவில்லை.

ஓட்டைகளை நீக்கியதும் மெஷ் மறுபடி செத்தது. இந்தத் தடவை சுவர் தரையோடு கரையும் அந்த ஓரத்தில். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் பத்து டிகிரிக்கும் குறைந்த கோணத்தில் போய்ச் சேர்கின்றன, கத்தி முனை மாதிரி. அந்த முனைக்குள் ஒழுங்கான துண்டு ஒன்றுகூட உட்காராது. நல்ல துண்டு என்றால் நீளமும் அகலமும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும், நாலுக்கு ஒன்று என்பது நாங்கள் தாண்டாத எல்லை. அந்த மூலையில் வந்தவை ஈர்க்குச்சிகள். தம்பி துண்டின் அளவைக் குறைத்துக்கொண்டே போனான், 300, 200, 100, 50. முனை முனையாகவே இருந்தது.

அந்த வாரம் சைட்டுக்குப் போனபோது மேஸ்திரியிடம் படத்தைக் காட்டி, இந்த ஓரத்தை எப்படி முடிப்பீர்கள் என்று கேட்டேன். அவர் படத்தைத் தலைகீழாகத் திருப்பி ஒரு தடவை பார்த்தார். “இப்படிக் கூரா யாரும்மா ஷட்டரிங் அடிப்பாங்க? ஒரு அடிக்கு மேல வர்ற வரைக்கும் சுவரு, அதுக்கப்புறம் கருங்கல்ல கட்டி முடிச்சிருவோம்.” அவ்வளவுதான். திரும்பி வந்து 300 மிமீ உயரத்தில் சுவரைச் செங்குத்தாக வெட்டி நிறுத்தினோம். அடுத்த அரை நிமிடத்தில் மெஷ் வந்து நின்றது. சாஃப்ட்வேர் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் மேஸ்திரி சொன்னதும் ஒன்றேதான், இப்படி ஒரு சுவரைக் கட்ட முடியாது என்று. அதனால்தான் சிவப்பு எழுத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை.

சிவப்பு எழுத்து வராத நாளைப் பற்றி இனிச் சொல்கிறேன்.

எட்டு வருடத்துக்கு முந்தைய கதை. வேறொரு ஆபீஸ், அங்கேயும் ஒரு சார். வாழப்பாடிப் பக்கம் ஒரு சேகோ மில்லுக்குத் தண்ணீர்த் தொட்டி. மரவள்ளிக் கிழங்கு சீசன் தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று மில்காரர் தினமும் போன் செய்வார். “ஏம்மா இன்ஜினியரு, கெழங்கு வண்டி வந்து நின்னா தண்ணிக்கு நா எங்க போவேன்?” தொட்டி 12 மீட்டருக்கு 6 மீட்டர், 4 மீட்டர் ஆழம், மேலே மூடி இல்லை. அடியில் ஒரு ராஃப்ட், அதாவது முழுத் தரைக்கும் ஒரே கான்கிரீட் பலகை, நாலு பக்கம் சுவர். எளிமையான வேலை.

ராஃப்டை 500 மிமீ சதுரமாக வெட்டினேன். சுவரையும் முதலில் அப்படித்தான் வெட்டியிருந்தேன். பிறகு ஒரு குழாய் வழி இடம் மாறியது, அதற்கு 400 மிமீ வசதியாக இருந்ததால் சுவரை மட்டும் அழித்துவிட்டு 400இல் திரும்ப வெட்டினேன். எரர் இல்லை. வார்னிங்கூட இல்லை. ரன் கொடுத்தேன், ஓடியது. மொத்த எடையையும் அடியில் வந்த எதிர்விசையையும் கூட்டிப் பார்த்தேன், கடைசி இலக்கம் வரை ஒத்துப்போனது. பெருமையாக இருந்தது.

சுவரின் அடியில் வளைவு மொமென்ட்டை, அதாவது சுவரை வளைக்கப் பார்க்கும் திருப்பத்தின் அளவை, காட்டும் படத்தில் பெரும்பகுதி வெளிர் நீலம், மீட்டருக்கு 30 கிலோநியூட்டன் மீட்டருக்கும் கீழே. இடையிடையே மட்டும் சிவப்பாகச் சின்னச் சின்னப் பொட்டுகள், அங்கே 300க்கும் மேல். அதற்குச் சில மாதம் முன்புதான் சிங்குலாரிட்டி என்ற சொல்லைக் கற்றிருந்தேன். உள்மடங்கிய மூலையிலும் புள்ளியாகத் தாங்கும் இடத்திலும் மெஷ்ஷைச் சின்னதாக்கச் சின்னதாக்க மதிப்பு ஏறிக்கொண்டே போகும், அதை அப்படியே எடுத்து டிசைன் செய்யக்கூடாது என்பது சரியான பாடம். சரியான பாடம் தவறான கையில் கிடைத்தது. பொட்டுகளை எல்லாம் சிங்குலாரிட்டி என்று ஒதுக்கினேன். நீலத்தை எடுத்துக்கொண்டு 12 மிமீ கம்பி 200 மிமீ இடைவெளியில் போதும் என்று எழுதினேன். டிராயிங் சைட்டுக்குப் போய்விட்டது.

நாலு நாள் கழித்து ஒரு சாயங்காலம். சார் வேறு எதற்கோ என் மேசைக்கு வந்தவர், திரையில் திறந்திருந்த அந்தப் படத்தைப் பார்த்தபடி நின்றார்.

“ஏம்மா, இது என்ன பொட்டு?”

“சிங்குலாரிட்டி சார்.”

“சிங்குலாரிட்டி ரெண்டு மீட்டருக்கு ஒண்ணுன்னு வரிசையா வந்து நிக்குமா?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் என் மேசையில் கிடந்த தட்டுவடை செட் கட்டிவந்த காகிதத்தை எடுத்தார். தண்ணீரின் எடை கனமீட்டருக்கு 9.81 கிலோநியூட்டன். உயரம் 4, மூன்று தடவை பெருக்கினால் 64. ஆறால் வகு. 105 வந்தது. “அடியில பிடிச்சு நிக்கிற சுவருக்கு இதுதான் உச்சம். ரெண்டு ஓரத்துச் சுவரும் கொஞ்சம் தாங்கும், தண்ணித் தொட்டி கோடு ஐஎஸ் 3370 நாலாம் பகுதி டேபிளப் பாத்தா 80 கிட்ட வரும். உனக்கு எப்படி 30 வருது?” காகிதத்தில் எண்ணெய்க் கறை பரவியிருந்த இடத்தில் 80 என்று எழுதி வட்டம் போட்டார். மொத்தமாக ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

மாடலை உருக்குலைந்த நிலையில் காட்டும்படி மாற்றி, வளைவை ஆயிரம் மடங்கு பெரிதாக்கினோம். சுவரின் அடி விளிம்பு ராஃப்டை விட்டு அலை அலையாக வெளியே வந்திருந்தது, குத்திவைத்த இடத்தில் மட்டும் நிற்கும் திரைச்சீலை மாதிரி. 500க்கு வெட்டிய ராஃப்டும் 400க்கு வெட்டிய சுவரும் இரண்டு மீட்டருக்கு ஒரு தடவைதான் ஒரே இடத்தில் கணு வைத்துக்கொள்ளும். 12 மீட்டர் நீளத்தில் சுவரின் அடியில் 31 கணுக்கள். அதில் ராஃப்டோடு சேர்ந்தவை 7. மீதி 24 கணுக்களும் ராஃப்டின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தன. அந்த ஏழு புள்ளிகளும் மொத்தச் சுவரையும் தாங்கிக்கொண்டதால் சாஃப்ட்வேருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. நிலையற்ற அமைப்பு என்று கத்தியிருக்கும், அந்த ஏழும்கூடச் சேராமல் இருந்திருந்தால். எடைக் கூட்டல் ஒத்துப்போனதற்கும் காரணம் அதுதான். தாங்குகிற கால் எத்தனை என்று தராசு கேட்காது.

அன்றைக்கே நான் அதே மாடலை 250க்கும் 200க்கும் வெட்டிப் பார்த்திருந்தால், பொட்டுகள் ஒரு மீட்டருக்கு ஒன்றாகப் பெருகியிருக்கும். நிஜமான சிங்குலாரிட்டி அப்படிக் குட்டி போடாது. மெஷ்ஷைப் பாதியாக்கினால் இருந்த இடத்திலேயே நின்று உயரும், ஒரு மீட்டர் தள்ளி உள்ள மதிப்பு அசையாது. இந்த வித்தியாசம் எனக்கு அன்று தெரியாது.

மணி ஏழு. மறுநாள் காலை ஆறு மணிக்கு ராஃப்ட் கான்கிரீட். சுவருக்கான கம்பிகள் ராஃப்டிலிருந்துதான் மேலே கிளம்ப வேண்டும், கான்கிரீட் போட்டுவிட்டால் அப்புறம் சேர்க்க வழி கிடையாது. மில்காரரைக் கூப்பிட்டேன். கான்கிரீட்டை நிறுத்துங்கள், கணக்கில் தப்பு, தப்பு என்னுடையது என்றேன். சிறிது நேரம் சத்தமே இல்லை, பின்னால் மோட்டார் ஓடுவது மட்டும் கேட்டது. “எத்தன நாளு?” என்றார். ஒரு நாள் என்றேன். “தொட்டி ஒடையாதுல்ல?” இப்போது உடையாது என்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ராத்திரி இரண்டையும் 500க்கு வெட்டினேன். சுவரின் உயரத்தில் எட்டு, நீளத்தில் 24, எல்லாக் கணுவும் ஒன்றின் மேல் ஒன்று. ஒன்றாக்கும் கட்டளை கொடுத்து, விளிம்பு எங்காவது சேராமல் நிற்கிறதா என்று பார்த்தேன். மேல் விளிம்பைத் தவிர எதுவும் இல்லை. அடியில் மொமென்ட் 80ஐ ஒட்டி வந்தது. 250க்கு வெட்டினேன், அதிகம் நகரவில்லை. கம்பி 16 மிமீ, 125 இடைவெளி. முதலில் எழுதியதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இரும்பு. 

எனக்கு இது முன்னமே உறைத்திருக்க வேண்டும், காரணம் நான் வளர்ந்தது சிவதாபுரத்தில். எங்கள் வீட்டில் கொலுசு வேலை. பட்டறையிலிருந்து வெள்ளிக் கம்பியை வாங்கிவந்து அம்மா திண்ணையில் உட்கார்ந்து கண்ணி கோப்பார், பிறகு ஒவ்வொரு கண்ணியின் வாயையும் மூடிப் பத்தவைப்பார். ஒரு கொலுசில் இத்தனை கண்ணிகள் இருக்கும்போது ஒன்றிரண்டு தப்பிவிடும். பத்தவைத்த கண்ணியும் பத்தவைக்காத கண்ணியும் பார்வைக்கு ஒன்றுதான், வாய் மூடித்தான் இருக்கும், எடை போட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. அம்மா முடித்த கொலுசை இரண்டு ஓரமும் பிடித்துச் சுண்டி ஓர் இழு இழுப்பார். டக்கென்று ஒரு சத்தம். தப்பிய கண்ணி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். “பாக்கறதுக்கு எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும் கண்ணு. இழுத்தாத்தான் திருடன் யாருன்னு தெரியும்” என்பார். பன்னிரண்டாவது முடிக்கும் வரை தினமும் பள்ளிக்கூடம் விட்டுவந்து அந்த இழுப்பை நான்தான் செய்வேன். ஆயிரக்கணக்கில் இழுத்திருப்பேன். கணினியில் ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு எடை மட்டும் போட்டுப் பார்த்தேன்.

இதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கேட்டிருப்பீர்கள். 1991 ஆகஸ்ட் 23, நார்வேயில் ஸ்டாவாங்கர் நகரத்துக்குப் பக்கத்துக் கடல் நுழைவாயில். கடலில் எரிவாயு எடுக்கும் ஸ்லைப்னர் ஏ என்ற மேடைக்கான கான்கிரீட் அடிப்பாகத்தை நீரில் மெதுவாக இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். உருளை உருளையாக 24 அறைகள் ஒட்டி நிற்கும் அமைப்பு. மூன்று அறைகள் சந்திக்கும் இடத்தில் முக்கோணமாக ஓர் இடுக்கு வரும், அதற்குள் கடல்நீர் புகுந்து நின்று சுவரைத் தள்ளும். அந்த இடுக்கின் சுவர் பிளந்தது. மொத்தமும் மூழ்கி அடியில் மோதியபோது ரிக்டர் 3.0 அளவுக்கு அதிர்வு பதிவானது. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர். விசாரித்தபோது தெரிந்தது, அந்த இடுக்கில் மெஷ் போதிய அளவு நுணுக்கமாக இல்லை, துண்டுகள் கோணல்மாணலாக இருந்தன, அதனால் வெட்டுவிசை 47 சதவீதம் குறைவாகக் கணக்காகியிருந்தது. கம்பியும் அதற்கேற்பக் குறைந்துபோனது. திரும்பச் சரியாகக் கணக்குப் போட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. உடைந்தது 65 மீட்டரில்.

அந்த 62ஐயும் 65ஐயும் நான் பல தடவை நினைத்திருக்கிறேன். கணக்கு முறையில் ஒரு குறையும் இல்லை, மூன்று மீட்டர் வித்தியாசத்தில் சொல்லிவிடுகிறது. முதல் தடவையும் அதே முறைதான் ஓடியது, ஒரு சிவப்பு எழுத்தும் வராமல்.

இப்போது மெஷ் வந்த பிறகுதான் என் வேலை ஆரம்பிக்கும். முதலில் மாடலைக் குலுக்குவேன். நிலநடுக்கத்துக்காக எப்படியும் அதிர்வு முறைகளைக் கணக்கிட வேண்டும், நிலநடுக்க விதிநூலான ஐஎஸ் 1893இன் 2016 பதிப்புப் பட்டியலில் சேலம் மூன்றாம் மண்டலம். நான் அதைச் சாதாரண நீர்த்தொட்டிக்கும் படிக்கட்டுக்கும்கூட ஓட்டுகிறேன், நிலநடுக்கத்துக்காக இல்லை. எங்காவது ஒரு துண்டு சேராமல் இருந்தால் முதல் நாலைந்து அதிர்வு முறைகளிலேயே அது தனியாக ஆடிக்காட்டும், மொத்தக் கட்டடமும் சும்மா நிற்கும்போது ஒரு பால்கனி மட்டும் பாய் மாதிரி அலைபாயும். அம்மாவின் இழுப்புக்கு இதைவிடக் கிட்டே வருவது எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. தம்பிக்கு இதைக் காட்டியபோது பால்கனி ஆடுவதை வீடியோ எடுத்துக்கொண்டான்.

விளிம்புகள் பொருந்தாவிட்டாலும் தானே இணைத்துக்கொள்ளும் வசதி இப்போது சில மென்பொருள்களில் வந்துவிட்டது. நல்ல வசதி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் எந்தக் கோட்டில் அது வேலை செய்தது, எந்தக் கோட்டை விட்டுவிட்டது என்பதை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பீம் ஒன்று ஸ்லாபின் குறுக்கே போகும்போது இரண்டு முனையில் மட்டும் சேர்ந்து நடுவில் தொடாமல் போவதை இந்த வருடமே இரண்டு தடவை பிடித்தேன். துண்டுகளின் திசை அச்சு புரண்டுபோவது இன்னொரு தலைவலி. ஒரு தடவை தொட்டியின் மூன்று சுவரைத் தண்ணீர் வெளியே தள்ளியது, நாலாவதை உள்ளே இழுத்தது. படத்தில் அம்புக்குறியைப் பார்த்திருந்தால் போதும், யாரும் பார்க்கவில்லை.

காகிதக் கணக்கையும் விடுவதில்லை. 80 வர வேண்டிய இடத்தில் 70 வந்தால் மேலே போவேன், 30 வந்தால் மாடலை மூடிவிட்டுக் காகிதத்துக்குத் திரும்புவேன். தட்டுவடைக் காகிதத்தை ரொம்ப நாள் டிராயரில் வைத்திருந்தேன். ஆபீஸ் மாறும்போது எங்கோ போய்விட்டது. எறும்பு வந்து யாரோ தூக்கிப் போட்டிருப்பார்கள்.

சேகோ மில் தொட்டியில் எட்டு சீசனாகத் தண்ணீர் நிற்கிறது. ஆத்தூர் போகிற வழியில் எப்போதாவது இறங்கிப் பார்ப்பேன். சுவரின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதை மில்காரர் ஒரு தடவை பார்த்துவிட்டார். “என்னம்மா, இன்னும் நம்பிக்க வரலியா?” என்று கேட்டு மோர் கொடுத்தார்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரைக்குத் தம்பியிடமிருந்து போன். ஏற்காட்டு விடுதிக்காரரே இப்போது அதே சரிவில் மூன்று காட்டேஜ் கட்டுகிறார், மலைப்பக்கம் குட்டைத் தூண், பள்ளத்துப் பக்கம் நெட்டைத் தூண், நடுவில் படிப்படியாக இறங்கும் ஸ்லாப். காலையிலிருந்து அவன் அதில்தான் இருந்தான்.

“அக்கா, மெஷ் வந்துருச்சு!”

“எத்தன வார்னிங்?”

“ஒண்ணுகூட இல்லீங்கக்கா. ஒரே தடவையில வந்துருச்சு. நா கெளம்பட்டுங்களா?”

“ஆபீசப் பூட்டாதடா. வரேன்.”